புது பைக்கா, பழைய பைக்கா? ஆர்.சி. யார் பெயரில் என்று முதலில் பாருங்கள்!

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்தாகி விட்டது. போனஸ் பணமும் கைக்கு வந்து விட்டது. அப்போதுதான் அந்த எண்ணம் வருகிறது.

"இந்த வண்டி பத்து வருஷம் உழைத்து விட்டது. இனி மாற்றி விடலாமா?"

பெங்களூரில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. காலை ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்ப வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். வண்டி நின்றால் வேலை நிற்கும்; வேலை நின்றால் சம்பளம் குறையும்.

ஆகவே மாற்றுவதில் தவறு இல்லை. புதிது வாங்குவதா, பழையது வாங்குவதா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. 1970-களில் சேட்டக் ஸ்கூட்டர் வேண்டுமானால் முன்பணம் கட்டி, ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கைக்கு உடனே கிடைக்கும் பழைய ஸ்கூட்டருக்குப் புதிய ஸ்கூட்டரை விட விலை அதிகம்!

1980-களில் நிலைமை மாறியது. ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டும், பிறகு இந்த்-சுசுகி மோட்டார் சைக்கிளும் வந்தன. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. கொஞ்சம் பெட்ரோலில் நிறைய தூரம் ஓடும் வண்டியை நடுத்தரக் குடும்பமும் வாங்க முடிந்தது.

இன்று காத்திருக்க வேண்டியது இல்லை. ஆதார் அட்டையையும் சம்பளச் சீட்டையும் நீட்டினால், கடன் போட்டு அன்றைக்கே சாவியைக் கொடுத்து விடுகிறார்கள். சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எதற்காக மாற்றுகிறீர்கள்?

அல்சூரில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். போக வர நாளுக்குச் சுமார் 40 கிலோ மீட்டர். மாதம் 25 நாள் வேலை என்றால் 1,000 கிலோ மீட்டர்.

அவரிடம் இருப்பது 100 சி.சி. வண்டி. லிட்டருக்கு 60 கிலோ மீட்டர் ஓடுகிறது. 150 சி.சி.க்கு மாற நினைக்கிறார். அது லிட்டருக்கு 45 கிலோ மீட்டர்தான் ஓடும் என்றால், மாதம் ஐந்தரை லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 550 ரூபாய். ஆண்டுக்கு 6,600 ரூபாய்!

குடும்பத்தோடு செல்ல, மேம்பாலம் ஏற, நீண்ட தூரம் ஓட வலுவான வண்டி தேவை என்றால் இந்தச் செலவு நியாயமே. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி விட்டார் என்பதற்காக என்றால் நியாயம் இல்லை.

புது வண்டிக் கணக்கு

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 350 சி.சி. வரையிலான இரு சக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புது வண்டி வாங்குவோருக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஷோரூம் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து, வண்டி ரோட்டுக்கு வரும் விலையைக் கேட்க வேண்டும்.

நம் அல்சூர் நண்பரின் கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. வண்டி ரோட்டுக்கு வரும்போது 1,10,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். மீதி 70,000 ரூபாய்க்குக் கடன்.

"12 சதவீத வட்டிதான் சார்" என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு.

கட்டக் கட்ட அசல் குறைந்து, மீதிக்கு மட்டும் வட்டி போடுவது ஒரு வகை. இதில் 36 மாதத்துக்கு மாதம் சுமார் 2,325 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 83,700 ரூபாய்.

கடைசி மாதம் வரை முழு 70,000 ரூபாய்க்கும் வட்டி போடுவது இன்னொரு வகை. இதைப் 'பிளாட் ரேட்' என்பார்கள். இதில் மாதம் சுமார் 2,644 ரூபாய். மொத்தம் 95,200 ரூபாய்.

இரண்டும் 12 சதவீதம்தான். ஆனால் 11,500 ரூபாய் வித்தியாசம்! பிளாட் ரேட் 12 சதவீதம் என்பது, உண்மையில் 21 சதவீத வட்டிக்குச் சமம். "மொத்தம் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும்? எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

பிறகு ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். மாதம் 2,300 ரூபாயோ, 2,600 ரூபாயோ எதில் இருந்து எடுத்துக் கட்டப் போகிறீர்கள்? ஓவர்டைம் பணத்தில் இருந்து என்றால், ஓவர்டைம் மூன்று ஆண்டும் கிடைக்குமா? ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில் இருந்து என்றால், அந்த வண்டி உங்களுக்கு இப்போது வேண்டாம்.

பழைய வண்டிக் கணக்கு

பழைய வண்டிக்கு என்ன விலை கேட்பது? இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஒரு வழி வைத்திருக்கின்றன. அதே ரக வண்டியின் ஷோரூம் விலையில், இரண்டு முதல் மூன்று ஆண்டு ஆன வண்டிக்கு 30 சதவீதம் கழிக்கிறார்கள். மூன்று முதல் நான்கு ஆண்டு என்றால் 40 சதவீதம். நான்கு முதல் ஐந்து ஆண்டு என்றால் 50 சதவீதம்.

சந்தை விலை இதே அளவில் இருக்காது. நல்ல பெயர் எடுத்த வண்டி கூடுதலாகப் போகும். ஆனாலும் பேரம் பேச இது நல்ல அளவுகோல். "நான் வாங்கும்போது இவ்வளவு கொடுத்தேன்" என்று விற்பவர் சொல்லலாம். வரி குறைந்த பிறகு புது வண்டி என்ன விலை என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

கையில் இருக்கும் 40,000 ரூபாயையும் வண்டிக்கே கொடுத்து விடாதீர்கள். 33,000 ரூபாய்க்குள் வண்டியை முடித்து, 7,000 ரூபாயைத் தனியே வையுங்கள். டயர், செயின், பேட்டரி, பிரேக் என்று முதல் மாதத்தில் ஏதாவது ஒன்று கேட்கும்.

வண்டி பார்க்கும்போது

பகலில் போய்ப் பாருங்கள். முன்னதாகவே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறதா என்பதுதான் சோதனை.

நீலம் கலந்த வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். அந்த வண்டி வேண்டாம்.

கிலோ மீட்டர் காட்டும் மீட்டரை மாற்றி விட முடியும். கால் வைக்கும் ரப்பரையும் பிரேக் மிதியையும் பாருங்கள். மீட்டர் 15,000 கிலோ மீட்டர் காட்டி, ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த டயருக்கு வயதாகி விட்டது.

நேர்ச் சாலையில் ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், எங்கோ மோதி அடிபட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். விற்பவர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம்.

2019 ஏப்ரல் முதல் விற்ற புது வண்டிகளில் 125 சி.சி. வரை இணைப்பு பிரேக்கும், அதற்கு மேல் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டன. சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது அதற்குப் பிந்திய வண்டியை வாங்குவது நல்லது. மழைக்காலத்து ஓசூர் ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பெயர்தான் முக்கியம்

வண்டி நன்றாக இருக்கிறது. விலையும் படிந்து விட்டது. இப்போது விற்பவர் சொல்வார்: "பெயரை மெதுவாக மாற்றிக் கொள்ளலாம். ஆர்.சி. உங்களிடம்தானே இருக்கிறது?"

இங்கேதான் ஏமாறக் கூடாது.

வண்டி இன்சூரன்சில், உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் அவர் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் பிரிவு ஒன்று உண்டு. ஆர்.சி.யும் பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும். செல்லத்தக்க லைசென்சும் இருக்க வேண்டும். வேறு ஒருவர் பெயரில் உள்ள வண்டியை ஆண்டுக் கணக்கில் ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கினால், அவருடைய மனைவி, மக்கள் இந்தத் தொகையைக் கேட்க முடியாது. பிழைக்க வந்த ஊரில் குடும்பத்தைத் தவிக்க விடும் காரியம் இது.

ஆகவே வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்களும் ஒன்றா?

ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்றும், 35-ம் எண் படிவமும் வேண்டும்.

போக்குவரத்துப் போலீசுக்குக் கட்ட வேண்டிய அபராதம் பாக்கி இருக்கிறதா?

இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா? 2018 செப்டம்பர் முதல் புது இரு சக்கர வாகனங்களுக்கு, பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான இன்சூரன்சை ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கிறார்கள். ஐந்து ஆண்டு கடந்த வண்டி என்றால் அது தீர்ந்து போயிருக்கலாம்.

இவற்றில் பலவற்றை எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டே பார்த்துக் கொள்ளலாம்.

எல்லாம் சரி என்றால் 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். விலையில் ஒரு பகுதியை, பெயர் மாறிய பிறகு தருவதாக எழுதிக் கொள்வது நல்லது.

ஓசூரில் வாங்கினால்?

"ஓசூரில் விலை குறைவு. ஊர் விலாசத்தில் வாங்கி இங்கே ஓட்டிக் கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநில வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ம் எண் படிவம் கொடுத்து என்.ஓ.சி. பெற வேண்டும். கர்நாடகத்தில் வரி கட்ட வேண்டும். இந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால், ஓசூர் விலை குறைந்த விலையாக இருக்காது.

ஆதாரில் இன்னும் ஊர் விலாசமே இருப்பவர்கள், பெங்களூர் முகவரிக்கு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். சான்று இல்லை என்பதற்காக நண்பர் பெயரில் மட்டும் வாங்கி விடாதீர்கள்.

உங்கள் பழைய வண்டி

மாற்றும்போது நீங்கள் வாங்குபவர் மட்டும் அல்ல, விற்பவரும்தான். இதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது தீர்ப்பு. வண்டியை எப்போதோ விற்று விட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

15,000 ரூபாய்க்கு விற்ற வண்டி, பல லட்ச ரூபாய்க் கோர்ட்டு நோட்டீசோடு வீட்டுக் கதவைத் தட்டலாம்! விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து விடுங்கள். பெயர் மாறியதா என்று செயலியில் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

என்ன முடிவு?

தினமும் நீண்ட தூரம் போகிறீர்கள். பாதி விலையாவது கையில் இருக்கிறது. ஊருக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்காமல் தவணை கட்ட முடியும். அப்படியானால் புது வண்டி வாங்குங்கள்.

போகும் தூரம் குறைவு; கடன் வாங்க மனம் இல்லை; அறிந்தவர் ஒருவர் ஒழுங்கான பேப்பரோடு வண்டியை விற்கிறார். அப்படியானால் பழைய வண்டியே லாபம்.

இரண்டும் இல்லை என்றால், இருக்கும் வண்டிக்கே செயினும் டயரும் மாற்றி, என்ஜின் வேலையும் பார்த்து இன்னும் ஓர் ஆண்டு ஓட்டுங்கள். மாதம் 2,300 ரூபாயை எடுத்து வைத்தால் அடுத்த ஆயுத பூஜைக்குள் 27,600 ரூபாய் சேர்ந்து விடும். அது வட்டி இல்லாத முன்பணம்.

எதை வாங்கினாலும், ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த பிறகு எலுமிச்சம்பழம் வையுங்கள்!