650 குதிரைகளும் ஒரு துணிக்கூரையும்

கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சந்தைக்கு வந்தால், கார்ப் பத்திரிகைகள் முதலில் அச்சிடுவது ஓர் எண்ணைத்தான்: நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி? 2020இல் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் வெளியிட்ட 911 டர்போ எஸ் கேப்ரியோலேவுக்கு அந்த எண் 2.8. கணக்குப் போட்டுப் பார்த்தால், கைநழுவிய கல் ஒன்று கிணற்றுக்குள் விழும்போது அதன் வேகம் கூடும் விகிதமும், இந்தக் கார் சாலையில் வேகம் கூட்டும் விகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான். 3.8 லிட்டர் இன்ஜின், இரண்டு டர்போ, 650 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் உந்துவிசை, உச்ச வேகம் 330 கிலோமீட்டர். எல்லாம் உண்மை, வியப்புக்குரியதும்கூட. ஆனால் கூரை திறக்கும் ஒரு காரை மதிப்பிட இந்தப் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால், இந்தக் காரைப் பற்றிய தீர்ப்பே வேறாகிவிடுகிறது.

முதலில், கூரை இல்லாததால் ஒரு கார் எதை இழக்கிறது? மூடியைக் கழற்றிய அட்டைப்பெட்டியைக் கையில் பிடித்து முறுக்கிப் பார்த்தால் விடை தெரியும். மூடிய காரில் கூரைக்கும் தரைக்கும் இடையே பங்கிடப்படும் முறுக்குவிசை முழுவதையும், திறந்த காரில் தரைத்தட்டும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களும் மட்டுமே தாங்க வேண்டும். பழைய திறந்த கார்கள் மேடுபள்ளத்தில் இறங்கும்போது டேஷ்போர்டு நடுங்கியதும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்ததும் இதனால்தான். அதைச் சரிக்கட்டச் சட்டங்களைத் தடிப்பாக்க வேண்டும், எடை ஏறும். டர்போ எஸ்ஸின் மூடிய கூபே வடிவம் 1640 கிலோ. கேப்ரியோலே 1710 கிலோ. 70 கிலோ அதிகம். இதற்காக இழந்த நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே, கூபே 2.7 விநாடியில் தொடுவதை இது 2.8இல் தொடுகிறது. உச்ச வேகத்தில் எந்த இழப்பும் இல்லை. அந்த வேகத்தில் துணி உப்பிப் புடைக்காமல் இருக்க, துணிக்கு அடியில் மக்னீசியத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. மூடினால் கூபேயின் வளைவு அப்படியே வருகிறது. திறக்கச் சுமார் 12 விநாடி போதும், அதுவும் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. திடீரென்று மழை வந்தால் ஓரங்கட்டத் தேவையில்லை. இந்தக் காரின் உண்மையான பொறியியல் சாதனை இன்ஜினில் அல்ல, தலைக்கு மேலே மடங்கும் இந்த 12 விநாடியில்தான் இருக்கிறது என்பேன்.

துணி என்பது பழைய காலத்துச் சரக்கு, உலோகக் கூரைதான் மேல் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். 1996இல் மெர்சிடீஸ் எஸ்எல்கே மடியும் உலோகக் கூரையுடன் வந்தபோது அது பெரிய பரபரப்பு. 2001இல் அதே நிறுவனத்தின் பெரிய கார் எஸ்எல்லும் உலோகத்துக்கு மாறியது. ஆனால் உலோகம் எடை கூட்டும். மடிந்தபின் டிக்கியில் பாதியைத் தின்றுவிடும். 2021இல் வந்த புதிய எஸ்எல் மீண்டும் துணிக்கே திரும்பியது, பழைய உலோகக் கூரையைவிட 21 கிலோ மிச்சம் என்ற கணக்குடன். ஃபெராரி, மெக்லாரன் நிறுவனங்களின் நடு இன்ஜின் கார்கள் இன்னும் கெட்டிக் கூரையை விடவில்லை. அந்தக் கார்களுக்கு அவற்றுக்கேயுரிய காரணங்கள் உண்டு. இன்ஜின் பின்னால் இருக்கும் 911க்கு டிக்கியே முன்பக்கம்தான் என்பதால், கூரை திறந்தாலும் மூடினாலும் பெட்டி வைக்கும் இடம் குறைவதில்லை. இந்த அமைப்புக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அது.

இப்போது கூரையைத் திறப்போம். திறந்த பின் அந்த 650 குதிரைத்திறன் என்ன செய்கிறது? ஜெர்மனியில் ஊருக்கு வெளியே செல்லும் சாதாரணச் சாலைகளில், அதாவது மரங்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே கூரையைத் திறந்து ஓட்டத் தோன்றும் சாலைகளில், வேக வரம்பு 100 கிலோமீட்டர். இந்தக் காரின் வலிமை அங்கே 2.8 விநாடியில் தீர்ந்துபோகிறது. மீதிப் பயணம் முழுக்க வலது காலை அடக்கிக்கொண்டிருப்பதுதான் ஓட்டுநரின் வேலை. வரம்பில்லாத ஆட்டோபான் நெடுஞ்சாலை இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அங்கே காற்று குறுக்கிடுகிறது. முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று, இருக்கைகளுக்கு மேலே அழுத்தம் குறைந்த ஒரு பள்ளத்தை உண்டாக்கி, பின்னாலிருந்து சுழன்று திரும்பிப் பிடரியில் அடிக்கிறது. அதைத் தடுக்க இருக்கைக்குப் பின்னால் ஒரு வலைத்தடுப்பு பொத்தானை அழுத்தினால் இரண்டு விநாடியில் எழுகிறது; நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், இரைச்சலோ அதைவிடவும் வேகமாக ஏறும். 200ஐத் தாண்டித் திறந்த காரில் போவது இன்பமல்ல, தாங்கிக்கொள்வது. அந்த வேகத்தை விரும்புகிறவர் கூரையை மூடிவிடுவார். மூடிய பின் அது இன்னொரு கூபே, 70 கிலோ கனமான கூபே.

இதே கூரை, இதே 12 விநாடி, இதே வலைத்தடுப்பு போர்ஷேயின் 911 கரேரா கேப்ரியோலேவிலும் உண்டு என்பதை மதிப்பீடுகள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. 2020இல் அதன் திறன் 385 குதிரை. 100ஐத் தொட 4.4 விநாடி, விலை டர்போ எஸ்ஸில் ஏறத்தாழப் பாதி. திறந்த காராக ஒரு காரை எடுத்துக்கொண்டால், டர்போ எஸ்ஸின் மிகச் சிறந்த பாகம் எதுவோ அது பாதி விலையில் பக்கத்திலேயே நிற்கிறது. மீதிப் பணம் போவது கூரை மூடியிருக்கும்போது மட்டும் முழுதாகப் பயன்படும் ஒரு திறனுக்கு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பத்தில் ஒரு விநாடிதான் இழப்பு என்றால், கூபேயும் திறந்த காரும் ஒரே வண்டியில் கிடைக்கின்றன. இரண்டையும் வைத்துக்கொள்வதில் என்ன குறை? மூடிய நிலையில் குறை எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி இழப்பைப் பற்றியதல்ல, ஆதாயத்தைப் பற்றியது. கூரையைத் திறப்பதால் காதுக்கும் மூக்குக்கும் தோலுக்கும் கூடுதலாக ஏதோ கிடைக்க வேண்டும். அந்த ஆதாயத்தில் பெரும்பங்கு இன்ஜினின் சத்தம். டர்போ இன்ஜினில் புகை வெளியேறும் வழியிலேயே ஒரு சுழலி உட்கார்ந்திருக்கிறது. சைலன்சரை எட்டும் முன்பே புகையின் துடிப்பை அது வாங்கிக்கொண்டு, சத்தத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. இந்த இன்ஜினுக்கு வலிமை தருவது எதுவோ, அதுவே குரலை அமுக்குகிறது. அதாவது, கூரையைத் திறந்து கேட்க வேண்டியது இங்கே குறைவு. முந்திச் செல்லும்போது எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறைகிறதே, அது பாதுகாப்பு அல்லவா என்பார்கள். சரிதான். ஆனால் 385 குதிரைக்கும் 650 குதிரைக்கும் நடுவே அந்த நேரத்தில் மிஞ்சுவது சொற்பம். கார் உருண்டால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கு இருக்கைக்குப் பின்னாலிருந்து கண்ணிமைக்குமுன் எழும் தடுப்புக் கம்பிகள் பதில் சொல்கின்றன. அதில் டர்போவும் கரேராவும் சமம்.

போர்ஷேக்கே இது தெரியும் என்பதற்கு 2019இல் அது வெளியிட்ட 911 ஸ்பீட்ஸ்டர் சாட்சி. அதில் டர்போ இல்லை. 9000 சுற்று வரை ஏறும் 4.0 லிட்டர் இன்ஜின், 510 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். ஆட்டோமேட்டிக் கேட்டாலும் கிடையாது. கூரையை மடித்து வைக்கக் கை கொடுத்தாக வேண்டும். 100ஐத் தொட 4.0 விநாடி, டர்போ எஸ்ஸைவிட 1.2 விநாடி பின்தங்கல். பட்டியலில் தோற்றுப்போன இந்தக் காரின் விலை, அடுத்த ஆண்டு வந்த டர்போ எஸ் கேப்ரியோலேயின் விலையைவிடக் கூடுதல். செய்தது 1948 கார்கள் மட்டுமே. போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் கார், அதுவும் ஒரு திறந்த கார், 1948இல் பிறந்ததன் நினைவாக வைத்த எண்ணிக்கை அது. குறைந்த எண்ணிக்கை விலையை ஏற்றும்தான், அதை மறைக்கத் தேவையில்லை. (1954இல் வந்த முதல் ஸ்பீட்ஸ்டரோ, நியூயார்க் இறக்குமதியாளர் மாக்ஸ் ஹோஃப்மன் மலிவான கார் கேட்டதால் எல்லாவற்றையும் உரித்துப்போட்டு 3000 டாலருக்குக் குறைவாக விற்றது, பேரனைப் பார்த்தால் பாட்டனுக்கு அடையாளம் தெரியாது.) ஆனாலும் எந்தக் காருக்கு எந்த இன்ஜினைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் சுதந்திரம் இருந்தபோது, திறந்த காருக்கு அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தேர்ந்தெடுத்தது வேகத்தை அல்ல, குரலை.

ஆடம்பரப் பொருளிடம் போய்த் தேவை, பயன் என்று கணக்குக் கேட்பது அறியாமை என்றும் சொல்லலாம். யாருக்கும் தேவையில்லை என்பதால்தானே அது ஆடம்பரம்? நான் கேட்பது தேவையை அல்ல. இன்பம் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் பொருளிடம், அந்த இன்பம் எங்கே என்றுதான் கேட்கிறேன். எண்ணிக்கைப் போட்டியோ நிற்பதாக இல்லை. 2025இல் டர்போ எஸ் ஹைபிரிட் ஆகி 711 குதிரைத்திறனை எட்டியது; கேப்ரியோலே வடிவமும் கூடவே வந்தது. நியூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் 7 நிமிடம் 3.92 விநாடி என்று விளம்பரத்தில் வந்த சாதனை மட்டும் கூபேயுடையது.

ஆக, யார் எதை வாங்கலாம்? வேகத்துக்காக வாங்குகிறவருக்குக் கூபே இருக்கிறது. திறந்து ஓட்டவே வாங்குகிறவருக்குக் கரேரா கேப்ரியோலே போதும், கொஞ்சம் மிஞ்சியும் போகும். டர்போ எஸ் கேப்ரியோலே பொருந்துவது மூன்றாவது வகை மனிதர் ஒருவருக்கு: வார நாளில் ஆட்டோபானில் கூரையை மூடி 250க்கு மேல் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை பிளாக் ஃபாரஸ்ட் மலைச்சாலையில் கூரையைத் திறந்து 70இல் உருட்டுகிறவர், வீட்டில் ஒரு காருக்குத்தான் இடம் வைத்திருக்கிறவர். போர்ஷேயின் ஊரான ஸ்டுட்கார்ட் பக்கம் அப்படிச் சிலர் இருக்கக்கூடும்.