வெள்ளி மோதிரம் செய்து பார்ப்போமா?

"ஃபிட்டிங் ஷாப்பில் வி-கட் போடவே கை வீங்குது, இதுல மோதிரம் வேறயா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஷாப்பில் பிடித்த அதே அரம், தூக்கக் கலக்கத்தில் நோட்ஸ் எடுத்த அதே ஹீட் ட்ரீட்மெண்ட், இவை போதும். மற்றதெல்லாம் பொறுமைதான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன இடம். எங்கள் அப்பா கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவர். கம்பி இழுக்க ஒருவர், வளையம் கோக்க ஒருவர், பற்ற வைக்க ஒருவர், மெருகு போட ஒருவர் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. முப்பது வருடம் தொழிலில் இருந்தும் ஒரு உருப்படியை முதலிலிருந்து கடைசி வரை அவர் செய்ததில்லை. போன செமஸ்டர் லீவில் இருவரும் சேர்ந்துதான் மோதிரம் செய்தோம். அவர் கை, என் கணக்கு.

சுத்த வெள்ளி 962 டிகிரி சென்டிகிரேடில் உருகும். ரொம்ப மிருது, மோதிரமாகப் போட்டால் நசுங்கிவிடும். அதனால் 100 கிராமுக்கு 92.5 கிராம் வெள்ளியும் மீதி செம்புமாகக் கலப்பார்கள். மோதிரத்தின் உள்பக்கம் 925 என்று பொறித்திருப்பது இதைத்தான். நாம் உருக்கப் போக வேண்டாம், 1.5 மி.மீ. தகடாகவே வாங்கிக்கொள்ளலாம். முதலில் செம்புத் தகட்டில் இரண்டு மூன்று செய்து பழகினால் பர்ஸ் பிழைக்கும்.

எவ்வளவு நீளம் வெட்டுவது? விரலில் நூல் சுற்றிப் பார்ப்பது வழக்கம். நூல் காட்டுவது உள் சுற்றளவு மட்டும். தகட்டை வளைத்தால் உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுக்கோடுதான் மாறாது. நாம் படித்த நியூட்ரல் ஆக்சிஸ் இதுதானே! ஆகவே உள் விட்டத்தோடு தகட்டின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். 18 மி.மீ. விட்டத்துக்கு 61.2 மி.மீ. வரும். நூல் கணக்கில் 56.5 தான், அந்த மோதிரம் விரல் முட்டியைத் தாண்டாது.

இதை அப்பாவிடம் விளக்கினேன். "மோதிர ஆசாரிங்க நூலுக்கு மேல தகட்டுக் கனத்துல மூணு பங்கு சேத்து வெட்டுவாங்க கண்ணு" என்றார். மூன்று பங்கு 4.5 மி.மீ., ஃபார்முலா சொல்வது 4.7. பள்ளிக்கூடம் தாண்டாதவர்களின் கணக்கு அவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது!

தகட்டைத் தட்டத் தட்ட இறுகும். இறுகிய பிறகும் வளைத்தால் வெடித்துவிடும். நிழலான இடத்தில் மங்கலாகச் சிவக்கும்வரை, அதாவது சுமார் 600 முதல் 650 டிகிரி வரை காய்ச்சி, தண்ணீரில் போட வேண்டும். எஃகை இப்படிச் செய்தால் கல்லாகிவிடும். வெள்ளி நேர்மாறாக இளகுகிறது! எஃகில் மார்ட்டென்சைட் உண்டாவது போல இதில் எதுவும் உண்டாவதில்லை. சூட்டில் செம்பு வெள்ளிக்குள் கரைகிறது, சட்டென்று குளிர்ந்தால் பிரிய நேரமில்லாமல் அப்படியே நிற்கிறது. 300 டிகிரி வாக்கில் வைத்திருந்தால்தான் செம்பு பிரிந்து கடினமாகும். வைவாவில் கேட்டால் அசத்தலாம்.

வளைத்த பின் இரண்டு முனைகளும் ஒட்டி உட்கார வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடாக ஒளி தெரிந்தால் மறுபடி அரம் போடுங்கள். பொடி இடைவெளியை நிரப்பாது. வெண்காரம் தடவி, பொடி வைத்து, மோதிரம் முழுவதையும் சூடாக்க வேண்டும். வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களில் வெள்ளிதான் முதல். இணைப்பில் மட்டும் தீயைக் காட்டினால் சூடு பின்பக்கமாக ஓடிவிடும். பொடி உருகுவது 700-க்கு மேல். 925 வெள்ளியே 800 வாக்கில் இளக ஆரம்பித்துவிடும். பொடி பளிச்சென்று ஓடியதும் தீயை எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுலபமாக ஓடுகிறது என்று சில பொடிகளில் காட்மியம் சேர்ப்பார்கள். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிக்கும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்பா வேலை பார்த்த பட்டறையில் ஜன்னல் கிடையாது. ராத்திரியில் அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் பரீட்சைக்குப் படித்தேன். துத்தநாகம் சேர்த்த பொடியே கேட்டு வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாங்கள் வாசலில் உட்கார்ந்து ஊதினோம். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் சிரிப்புதான், ஆனாலும் மறுநாள் குமிட்டியை அவரே வாசலுக்குத் தூக்கி வந்தார்.

பிறகு புளித் தண்ணீரில் கொதிக்கவிட்டால் கறுப்பு போகும். அரம், உப்புத்தாள், கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீர். 4 மி.மீ. அகலத்துக்கு எடை சுமார் 3.8 கிராம்.

அரம் போடும்போது கீழே பேப்பர் விரிக்க மறக்காதீர்கள். பட்டறைக் குப்பையையே காசு கொடுத்து வாங்கி, அலசி வெள்ளி எடுக்கிறவர்கள் உண்டு. எங்கள் தூளை அம்மா பொட்டலம் கட்டி அரிசி டின் மேல் வைத்திருக்கிறார்.