கேட்பவன் யார் என்று கேளுங்கள்

வட்டகொடை போன்ற மலையக ஊர்களில் வங்கிக் கணக்குப் புத்தகம் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருக்கிறது. கணவர் கொழும்பில் கடையில் நிற்கிறார், அல்லது மகன் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கிறான். மாதம் பிறந்தால் பணம் கணக்கில் விழுகிறது. அதைப் பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் பிரிப்பதும், குமருக்கென்று ஒரு பகுதியை ஒதுக்குவதும் தாயின் பொறுப்பு. முன்பு அந்தப் பணத்தைத் திருட வேண்டுமானால் கள்வன் வீடு தேடி வரவேண்டும். இன்று அவன் தொலைபேசியில் அழைக்கிறான். சில வேளை சலாம் சொல்லித்தான் பேச்சையே தொடங்குகிறான்.

அவன் போடும் வேடங்கள் பல. "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டை முடங்கப் போகிறது" என்பான். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்பான். தபால் திணைக்களத்தின் பெயரில், பொதி வந்திருப்பதாகவும் சிறு தொகை கட்ட வேண்டும் என்றும் குறுந்தகவல் வரும். இத்தகைய போலித் தகவல்களைப் பற்றித் திணைக்களமே மக்களை எச்சரித்திருக்கிறது. இதெல்லாம் எங்கோ தூரதேசத்தில் நடப்பது என்றும் எண்ண வேண்டாம். 2024 அக்டோபரில் கண்டிக்கு அருகே குண்டசாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட சீன நாட்டவர்கள் இணையவழி நிதி மோசடிச் சந்தேகத்தின் பேரில் கைதானார்கள்.

வேடம் எதுவானாலும் அவன் கேட்பது ஒன்றுதான்: அட்டையின் இலக்கம், பின் இலக்கம், குறுந்தகவலில் வரும் ஓ.டி.பி. இலக்கம். இங்கே ஒரு விடயத்தை மனதில் ஆழப் பதித்துக் கொள்ளுங்கள். உங்கள் கணக்குக்குப் பணம் வருவதற்கு உங்கள் பெயரும் கணக்கு இலக்கமும் வங்கிக் கிளையின் பெயரும் போதும். பின் இலக்கமும் ஓ.டி.பி.யும் பணம் வெளியே போவதற்கு நீங்கள் கொடுக்கும் சம்மதம்; காகிதத்தில் இடும் கையெழுத்துக்குச் சமம். ஆகவே, "பணம் அனுப்புகிறேன், இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் கேட்டால் அவன் அனுப்ப வரவில்லை, எடுக்க வந்திருக்கிறான்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்ற எண்ணமும் தவறு. ஒரு நாட்டின் மத்திய வங்கியே இப்படி ஏமாந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஊழியர்களுக்கு, வேலை தேடும் ஒருவர் எழுதியது போல மின்னஞ்சல் வந்தது. அந்த வேடத்தின் மறைவில் கள்வர்கள் வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்தார்கள். 2016 பெப்ரவரி 4ஆம் திகதி இரவு, நியூயோர்க்கில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை அனுப்பும்படி அதன் பெயராலேயே கட்டளைகள் பிறப்பித்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, பங்களாதேஷில் விடுமுறை. கட்டளைகளில் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. ஆனால் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 2 கோடி டொலர் நம் இலங்கைக்கு வந்தது.

பிலிப்பைன்ஸுக்குப் போன பணம், பொய்ப் பெயர்களில் முன்கூட்டியே திறந்து வைத்திருந்த கணக்குகளில் விழுந்து, சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மீண்டது சிறு பகுதியே. இலங்கைக்கு வந்த பணமோ முழுவதும் திரும்பிப் போனது. காரணம் என்ன? பணம் பெற வேண்டிய நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. இடையிலிருந்த வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது. இங்கே இருந்த வங்கியினருக்கும், இவ்வளவு பெரிய தொகை ஏன் வருகிறது என்ற ஐயம் எழுந்தது. நின்று நிதானித்துக் கேட்ட கேள்விதான் 2 கோடி டொலரைக் காத்தது.

அதே கேள்வியை நம் வீட்டிலும் கேட்கலாம். அழைப்பு வந்தால் தொடர்பைத் துண்டியுங்கள். பிறகு உங்கள் அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களாகவே அழையுங்கள், அல்லது கிளைக்கு நேரில் போய் விசாரியுங்கள். அழைத்தவன் தந்த இலக்கத்தை நம்ப வேண்டாம். "மகன் விபத்தில் சிக்கிவிட்டான், உடனே பணம் அனுப்புங்கள்" என்றால், மகனின் வழக்கமான இலக்கத்துக்கே பேசுங்கள். இக்காலத்தில் கணினியின் உதவியால் ஒருவருடைய குரலையும் போலி செய்ய முடியும். ஆகவே குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்பே பேசி வைத்துக் கொள்வது நல்லது. "உடனே", "யாரிடமும் சொல்லாதீர்கள்" ஆகிய இரண்டும் கள்வனின் அடையாளச் சொற்கள். வந்த செய்தியை விசாரித்துத் தெளிவது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பழக்கம்தானே!

வாலிபப் பிள்ளைகளையும் எச்சரியுங்கள். "உன் கணக்கைச் சில நாள் கொடு, தரகு தருகிறேன்" என்று யாரேனும் கேட்டால் அது திருட்டுப் பணம் கடந்து போகும் வழியாக இருக்கலாம். பொலிஸார் முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

தவறி இலக்கத்தைச் சொல்லிவிட்டால்? இன்று ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சில நொடிகளில் பணம் போய்விடும். ஆகவே ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்கு அறிவித்து, அட்டையையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு பொலிஸில் முறையிடுங்கள். இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவின் 101 என்ற இலக்கமும், வங்கியின் நடவடிக்கையில் குறையிருந்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கமும் உதவும்.

இறுதியாக, தொலைவில் உழைக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பணம் பறிபோனது தெரிந்தும், "அவர் ஏசுவாரே" என்று அஞ்சிப் பெண்கள் அதை மறைக்கிறார்கள். அந்த மௌனத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வனுக்கே இலாபம். உங்கள் மனைவியும் தாயும் பயமின்றி உங்களிடம் சொல்லும்படி நடந்து கொள்ளுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் பேசும்போதே, "என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், நான் ஏச மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள்.