பூட்டு வேறு, முத்திரை வேறு

ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் போன் திருத்தும் கடைகளில் இரண்டு வேலைகளை ஒன்றாகச் சேர்த்தே விலை சொல்வார்கள்: "அன்லொக் பண்ணி, கொம்பனிப் பெயரையும் எடுத்துத் தாறம்." வாங்க வந்தவரும் இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். முதல் வேலைக்கு அவர் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. இரண்டாவது வேலை பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. தவறாகச் செய்தால் நல்ல போன் ஒன்று கெட்டுப்போகும்.

அன்லொக் என்பது சிம் பூட்டைத் திறப்பது. றொஜர்ஸில் வாங்கிய போனில் பெல் சிம் வேலை செய்யாமல் தடுப்பது அந்தப் பூட்டுத்தான். கனடாவில் ஒரு காலம் அதைத் திறக்கப் பொதுவாக 50 டொலர் கேட்டார்கள். 2013 டிசம்பர் 2இல் நடைமுறைக்கு வந்த கைத்தொலைபேசிச் சேவை விதிக்கோவை, முழு விலை கொடுத்து வாங்கிய போனை உடனே திறந்து கொடுக்க வேண்டும், கழிவு விலையில் கொடுத்ததை 90 நாளுக்குப் பிறகு திறக்க வேண்டும் என்றது. ஆனால் கட்டணம் வாங்குவதை அது தடுக்கவில்லை. 2016இல் மட்டும் கொம்பனிகள் இந்த வழியில் 3 கோடியே 77 இலட்சம் டொலர் சேர்த்தன. தாங்களே போட்ட பூட்டைத் தாங்களே திறப்பதற்கு இவ்வளவு காசு! தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.ரி.சி. 2017 ஜூனில் இதற்கு முடிவு கட்டியது. 2017 டிசம்பர் 1 முதல் புதிதாக விற்கும் போன்களைப் பூட்டில்லாமலே கொடுக்க வேண்டும். பூட்டோடு கொடுத்த பழைய போனையும் வாடிக்கையாளர் கேட்டால் இலவசமாகத் திறக்க வேண்டும். 2018இல் பெல், கடைக் கொள்ளையைக் காரணம் காட்டி, போன்களைப் பூட்டியே கடைக்கு அனுப்பத் தொடங்கியது. வாங்குபவருக்கு அதனால் மேலதிகச் செலவு எதுவும் வரவில்லை. விற்ற பிறகு திறந்து கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே லாச்சிக்குள் கிடக்கும் பழைய போனை ஊருக்குக் கொண்டுபோய் டயலொக் சிம் போட நினைப்பவர், முதலில் கேட்க வேண்டிய இடம் அதை விற்ற கொம்பனி. ஃபிடோ என்றால் றொஜர்ஸ், கூடோ என்றால் ரெலஸ், வேர்ஜின் என்றால் பெல். பெயர்தான் வேறு, உரிமையாளர் ஒருவரே. பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். ஐபோனில் செற்றிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால், கரியர் லொக் என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். மற்றப் போன்களில் வேறு கொம்பனி வைத்திருக்கும் ஒருவரின் சிம்மை ஒரு நிமிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் போதும்.

பூட்டைத் திறந்துவிட்டால் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. தவணையில் எடுத்த போனின் மிச்சக் கடன் மாதாமாதம் குறைந்து, 24 மாதத்துக்குள் பூச்சியமாக வேண்டும் என்பது விதி. அதற்கு முன் விலகினால் மிச்சத்தைக் கட்டத்தான் வேண்டும். இரண்டு வருடம் முடியப் போனைத் திருப்பிக் கொடுப்பதாகக் கையெழுத்திட்டு எடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது உங்கள் கையில் இருந்தாலும், மிச்ச விலையைக் கட்டும்வரை நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். அதன் மென்பொருளில் கைவைப்பது வீண் வம்பு.

இனி முத்திரை. போனை அணைத்துப் போடும்போது வரும் கொம்பனியின் பெயர், நாம் கேட்காமலே வந்து குந்தியிருக்கும் கொம்பனிச் செயலிகள், சில அமைப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஐபோனில் இது கிடையாது; சிம்மைப் போட்டதும் அந்தக் கொம்பனிக்குரிய சிறிய அமைப்புக் கோப்பு வந்து சேரும், அவ்வளவே. ஐபோனில் முத்திரை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

அண்ட்ரொயிட்டில், குறிப்பாகச் சாம்சுங்கில், கதை வேறு. கனடாவில் விற்கும் ஒவ்வொரு சாம்சுங்கிலும் ஒரு விற்பனைக் குறியீடு இருக்கும். றொஜர்ஸுக்கு ஆர்டபிள்யூசி, பெல்லுக்கு பிஎம்சி, எந்தக் கொம்பனியையும் சாராததற்கு எக்ஸ்ஏசி. முத்திரை எடுப்பது என்று கடையில் சொல்வது, பெரும்பாலும் ஒடின் என்ற கருவியால் வேறொரு மென்பொருளை உள்ளே ஏற்றுவதைத்தான். இதனால் போனில் உள்ள தரவு முழுவதும் அழிந்துபோகலாம், படங்கள் உட்பட. புதிய மொடல்களில் ஒரே பொதிக்குள் எல்லாக் கொம்பனிகளின் அமைப்பும் இருப்பதால், எல்லாவற்றையும் அழித்த பிறகும் அதே பெயர் திரையில் வந்து நிற்கக்கூடும்.

சாம்சுங் கையொப்பமிடாத மென்பொருளை ஏற்ற முயல்வதுதான் பெரிய ஆபத்து. அப்படி ஒன்று ஓடியதும் நொக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதியில் மின்னணு உருகி ஒன்று எரிந்துவிடும். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அது மீளாது. சாம்சுங் வழியாகப் பணம் செலுத்துவதும் செக்கியூர் ஃபோல்டரும் அந்தப் போனில் இனி இல்லை. உத்தரவாதத்தையும் மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். மாற்றப்பட்ட போன் என்று கண்டால் கூகுள் வொலற்றும் சில வங்கிச் செயலிகளும் திறக்க மறுக்கும்.

ரொறன்ரோவில் நம்மவர்களை நேரடியாகத் தாக்கக்கூடிய இன்னொரு விடயம் இருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்வது அரிது. பேஸ்மென்ற் வீடுகளில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர்! அங்கே சிக்னல் கோடு ஒன்றோ இரண்டோதான். பலரும் வைஃபை வழியாகவே போன் கதைக்கிறார்கள். அந்த வசதியும், 4ஜி வலையமைப்பில் குரல் அழைப்பு எடுக்கும் வசதியும் கொம்பனியின் அமைப்போடு பிணைந்தவை. பளபளப்பாக இருக்கிறதென்று வேறு நாட்டு மென்பொருளை ஏற்றினால் இரண்டும் போகலாம். 3ஜி வலையமைப்புகள் மூடப்பட்டு வரும் நேரத்தில், 4ஜியில் அழைக்க முடியாத போன் இணையம் பார்க்கத்தான் உதவும். அவசரத்துக்கு 911ஐ அழைக்க வேண்டிய கருவியில் ஒரு லோகோவுக்காக இந்தச் சூதாட்டம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டமும் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 2012இல் திருத்தப்பட்ட கனடியப் பதிப்புரிமைச் சட்டம், தொலைத்தொடர்புச் சேவையைப் பெறுவதற்காக மட்டும் கருவியின் பூட்டை உடைப்பதற்கு வெளிப்படையாக விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு லோகோவை அழிப்பதற்காக எழுதப்பட்டதல்ல.

கொம்பனிச் செயலிகள் கண்ணை உறுத்தினால் செற்றிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றாக அழிக்கலாம், அழியாததை முடக்கிவைக்கலாம். செலவில்லை, ஆபத்தில்லை, மனம் மாறினால் திரும்ப இயக்கலாம். தொடக்கத் திரையில் வரும் பெயர் சில நொடிதான். அதையும் தாங்க முடியாதவர், கடனோ உத்தரவாதமோ மிச்சமில்லாத, வேறு தேவைக்கு வைத்திராத பழைய போனில் மட்டும், படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு, அதே கனடிய மொடலுக்குச் சாம்சுங்கே வெளியிட்ட மென்பொருளை ஏற்றிப் பார்க்கட்டும். எங்கிருந்தோ இறக்கிய கோப்பை யாரோ ஒருவர் ஏற்ற, திரைக் கடவுச்சொல்லையும் அவரிடமே எழுதிக் கொடுத்துவிட்டு வருவது கூடவே கூடாது.

அன்லொக் செய்யக் கொம்பனி காசு கேட்டாலோ சாட்டுச் சொன்னாலோ, முதலில் அவர்களிடமே முறையிட்டு, கதைத்தவரின் பெயரையும் திகதியையும் குறித்து வையுங்கள். சரிவராவிட்டால் சி.சி.ரி.எஸ். என்ற சுயாதீன முறைப்பாட்டு அமைப்புக்கு எழுதலாம். 2007இல் தொடங்கிய அந்த அமைப்பு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. 5,000 டொலர்வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரமும் அதற்கு உண்டு. தனிப்பட்ட ஒப்பந்தத் தகராறைச் சி.ஆர்.ரி.சி. தீர்த்து வைக்காது, ஆகவே அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

பழைய போன் வாங்குவோர் கவனிக்க வேண்டியது, அன்லொக் செய்யப்பட்ட போன் எல்லாம் நல்ல போன் அல்ல என்பது. தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ அறிவிக்கப்பட்ட போன்களின் தேசியத் தடைப்பட்டியல் 2013 செப்டெம்பர் இறுதியிலிருந்து கனடாவில் இருக்கிறது. நட்சத்திரம், சதுரம், 06, சதுரம் என்று அழுத்தினால் திரையில் வரும் ஐஎம்ஈஐ எண்ணை டிவைஸ்செக் என்ற கனடியத் தளத்தில் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். காசைக் கொடுப்பதற்கு முன், விற்பவரின் முன்னாலேயே அதைச் செய்யுங்கள்.