சேய் ஆறும் சினமும்

செய்யாற்றுக்கு வந்து திருவோத்தூர் வேதபுரீசுவரரைத் தரிசிக்கும் அன்பர்கள் முதலில் வினவுவது ஆண்பனை பெண்பனையான அற்புதத்தைப் பற்றியே. ஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடி நிகழ்த்திய அந்த அற்புதம் பலரும் அறிந்தது. ஊருக்குப் பெயர் தந்த ஆற்றின் வரலாறு அத்தனை பேருக்குத் தெரிவதில்லை.

அண்ணாமலையை நோக்கிச் சென்ற அம்பிகை, வழியில் வாழைப்பந்தலில் மணலால் லிங்கம் அமைக்க விரும்பி நீர் வேண்டினாள். உடனே முருகன் மேற்கிலிருந்த மலையின் மீது வேலை எறிந்தான். நீர் பெருகியது, ஆனால் செந்நீராகப் பெருகியது. அங்கே தவமிருந்த அந்தணர் எழுவர் வேல் பட்டு மாண்டிருந்தனர். சேய் உண்டாக்கிய ஆறு சேயாறு ஆயிற்று. பழி நீங்க, ஒரு கரையில் ஏழு கரைகண்டீசுவரர் ஆலயங்களும் மறுகரையில் ஏழு கைலாசநாதர் ஆலயங்களும் எழுந்தன. பிள்ளையால் நேர்ந்த பழிக்குத் தாய் ஒதுங்கி நிற்கவில்லை. ஒரு கரையின் ஏழு கோயில்களையும் அவளே எழுப்பினாள் என்பது இப்பகுதியில் வழங்கும் மரபு.

வேலின் வேகம் இளமைக்கு இயல்பு. உணர்ச்சியைத் தூண்டும் மூளைப்பகுதி பதின்பருவத்தில் விரைந்து இயங்குகிறது. விளைவை எண்ணிக் கையைத் தடுக்கும் முன்மூளையோ இருபது வயதைத் தாண்டிய பின்னரே முழுமை பெறுகிறது என்று மருத்துவர்கள் விளக்குகின்றனர். அவ்வயதில் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் வேண்டும். நள்ளிரவு வரை கைப்பேசியோடு விழித்திருக்கும் பிள்ளை காலையில் எரிந்து விழுவதில் வியப்பில்லை. ஆனால் எரிந்து விழுவது வேறு, அரிவாள் எடுப்பது வேறு.

2023 ஆகஸ்ட் 9 இரவு, வானமாமலைப் பெருமாள் எழுந்தருளியுள்ள நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை அவன் பயின்ற பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டாள். அவர்களுடைய தொல்லைக்கு அஞ்சி அவன் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தான். அது ஆசிரியர்களுக்குத் தெரிய வந்த பிறகே இக்கொடுமை நிகழ்ந்தது. இதைக் கணநேரச் சினம் என்று தள்ளிவிட இயலாது. அண்டை வீட்டுப் பிள்ளையை இழிவாக எண்ணும் பாடம் எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் இல்லை. அது திண்ணையிலும் கூடத்திலும் பெரியவர்கள் பேசும் பேச்சிலிருந்து பிள்ளையின் செவியில் இறங்குவது.

இந்நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய அது பரிந்துரைத்தது. நெற்றிக் குறியையும் சேர்த்தது பக்தர்கள் பலருக்கு உடன்பாடில்லை; அது தனி விவாதம். ஆனால் சுவாமி பிரசாதமாகக் கட்டும் கயிறு, பிறனை விலக்கி வைக்கும் அடையாளமானால் அதில் தெய்வத்துக்கு என்ன பங்கு?

அடியும் ஒரு காரணம். கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. இல்லத்திலோ, 'அடியாத மாடு படியாது' என்பது இன்னும் வேதவாக்கு. தந்தையிடம் அடி வாங்கும் பிள்ளை கற்றுக்கொள்வது ஒழுக்கத்தையன்று. வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பதை. நாலு பேர் நடுவில் பட்ட அவமானமோ அடியினும் ஆழமாகத் தைக்கும்.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் மாலையில் பேரனுக்குக் கதவைத் திறப்பவர் பாட்டியோ தாத்தாவோதான். மதிப்பெண்ணைக் கேட்குமுன், இன்று யாரோடு அமர்ந்தாய், யாரேனும் மனம் நோகப் பேசினார்களா என்று கேட்கலாம். சட்டை கிழிந்து வந்தாலும், பிறன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தாலும், முதலில் உண்ணச் செய்து, சினம் தணிந்த பின் விசாரிக்கலாம். பிள்ளை பள்ளிக்குச் செல்ல மறுத்தால் சோம்பல் என்று கடிந்து அனுப்பிவிடாமல் காரணம் அறிவது அவசியம். வீட்டில் தீராததற்குப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 உண்டு. குழந்தைக்கு ஆபத்தெனில் 1098 எந்நேரமும் செயல்படுகிறது.