முதியோருக்கு ஹெர்னியா ஆபரேஷன்: முழு மயக்கம் கட்டாயமா?

வீட்டில் வாப்பாவுக்கோ பாட்டனாருக்கோ குடலிறக்க ஆபரேஷன் என்றதும், "இந்த வயசில் மயக்க மருந்தைத் தாங்குவாரா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தப் பயத்திலேயே ஆபரேஷனைத் தள்ளிப் போடுகிறோம். ஆனால் தொடை இடுக்கில் வரும் ஹெர்னியாவுக்கு முழு மயக்கம் கட்டாயமில்லை. மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, லோக்கல். வெட்டும் இடத்திலும், அங்கு செல்லும் நரம்புகளைச் சுற்றியும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது. நோயாளி விழித்திருப்பார். வலி தெரியாது, இழுப்பது போன்ற உணர்வு இருக்கலாம். இரத்த அழுத்தம் பெரிதாகக் குறையாது, சீக்கிரமே எழுந்து நடக்கலாம். இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் இதில் பழகிய சர்ஜன் வேண்டும். ஹெர்னியா மிகப் பெரிதாக இருந்தாலோ, உள்ளே தள்ள முடியாமல் சிக்கியிருந்தாலோ இது பொதுவாகப் பொருந்தாது.

இரண்டாவது, ஸ்பைனல். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துவிடும். நம் ஊர்களில் பரவலாகக் கொடுக்கப்படுவது இதுதான். மூச்சுக்குழாயில் டியூப் வைக்கத் தேவையில்லை. ஆனால் இரத்த அழுத்தம் திடீரென இறங்கலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, முழு மயக்கம். லேப்ராஸ்கோபி முறைக்குப் பெரும்பாலும் இதுவே தேவை.

2018இல் வெளியான சர்வதேச ஹெர்னியா வழிகாட்டுதல், ஒரு பக்கம் மட்டும் உள்ள, உள்ளே தள்ளக்கூடிய ஹெர்னியாவைத் திறந்து செய்யும்போது, பழகிய சர்ஜன் இருந்தால் லோக்கலைப் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஸ்பைனலைவிட லோக்கல் அல்லது முழு மயக்கம் மேல் என்றும் கூறுகிறது. ஆகவே, "லோக்கலில் செய்ய முடியுமா? முடியாதென்றால் ஏன்?" என்று நாம் தயங்காமல் கேட்க வேண்டும்.

மயக்க மருந்து டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் முக்கியமானவை. குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கு ஸ்பைனல் போடுவதென்றால், வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்துவது ஆபத்து. இதய டாக்டரையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, இதய வால்வு கோளாறு, மூச்சிரைப்பு, முன்பு மயக்க மருந்தில் ஏற்பட்ட சிக்கல் ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள். எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள்.

தொந்தரவு தராத ஹெர்னியாவை டாக்டரின் கண்காணிப்பில் சில காலம் விட்டுவைக்கலாம். ஆனால் வீக்கம் கல்லாக இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல் சிக்கி அவசர ஆபரேஷன் செய்யும்போது ஆபத்து பல மடங்கு கூடும். நிதானமாகத் தேர்வு செய்யும் வாய்ப்பும் போய்விடும். பயந்து தள்ளிப் போடுவதைவிட, முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதே நம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு.