லீப் வருடம் தெரியும், நமது ஸகாத் வருடம் தெரியுமா?

2024 பெப்ரவரி மாதத்துக்கு 29 நாட்கள் இருந்தன. இனி 2028இல்தான் பெப்ரவரி 29 வரும். நான்கால் மீதியின்றி வகுபடும் வருடம் லீப் வருடம், அதாவது நெட்டாண்டு என்று நமது பிள்ளைகள் சிறு வகுப்பிலேயே படித்து விடுகிறார்கள். அந்த ஒரு நாள் ஏன் சேர்க்கப்படுகிறது, ஹிஜ்ரி வருடத்தில் ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்டால் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். பொது அறிவுப் போட்டியோடு முடிந்துவிடும் கேள்வி அல்ல இது. நமது ஸகாத்தும் பிள்ளைகளின் தொழுகை, நோன்பும் இதனோடு சம்பந்தப்பட்டுள்ளன.

சூரியக் கணக்கு

பருவகாலங்கள் ஒரு சுற்று முடித்துத் திரும்புவதற்கு ஏறத்தாழ 365 நாட்கள், 5 மணித்தியாலம், 48 நிமிடம், 46 செக்கன் எடுக்கின்றது. கலண்டரில் இருப்பது 365 நாட்கள். மிஞ்சுகின்ற நேரம் நான்கு வருடங்களில் கிட்டத்தட்ட ஒரு நாளாகிறது. அதையே பெப்ரவரியில் சேர்க்கிறோம். சேர்க்காது விட்டால் ஒக்டோபரில் நாம் எதிர்பார்க்கும் பெரும்போக மழை, நூறு வருடங்களில் 24 நாட்கள் தள்ளிப்போய் நவம்பரில் வரும்.

கி.மு. 45இல் நடைமுறைக்கு வந்த ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி நான்கு வருடத்துக்கு ஒரு நாள் என்று கூட்டியது. அது வருடத்துக்கு 11 நிமிடம் அளவில் அதிகம். அந்த நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து பத்து நாட்களாகிவிட்டன. ஆகவே 1582இல் பாப்பரசர் கிரகரி, ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை ஒக்டோபர் 15 ஆக்கினார். நூற்றாண்டு வருடங்கள் 400ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் என்ற விதியும் அப்போது வந்தது. எனவே 1900 லீப் அல்ல, 2000 லீப், 2100 லீப் அல்ல.

முஸ்லிம் வானியலாளர்களும் இந்தக் கணக்கில் தேர்ந்தவர்களே. கிரகரிக்கு 500 வருடங்களுக்கு முன்னரே, 1079இல், செல்ஜூக் சுல்தான் மலிக்ஷாவின் ஆட்சியில் உமர் கய்யாம் உள்ளிட்ட அறிஞர்கள் ஜலாலி என்ற சூரிய நாட்காட்டியை மிக நுட்பமாக அமைத்தார்கள். வணக்கத்துக்கு நாம் சூரிய வருடத்தைக் கொள்ளாததற்குக் காரணம் வேறு.

சந்திரக் கணக்கு

ஒரு பிறையிலிருந்து மறு பிறைக்குச் சராசரியாக 29½ நாட்களும் சொற்ப நேரமும். பன்னிரண்டு மாதத்துக்கு 354 நாட்களும் ஏறத்தாழ 8¾ மணித்தியாலமும். சூரிய வருடத்தை விட 11 நாட்கள் குறைவு. அதனால்தான் ரமழான் வருடாவருடம் முன்னே வருகிறது. 2030இல் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமழானும் ஆரம்பமாகும்.

நமது அயலவர்களின் போயா நாட்களும் சந்திரனைக் கொண்டே வருகின்றன. ஆனால் வெசாக் ரமழானைப் போல் வருடமெல்லாம் சுற்றுவதில்லை. இடைக்கிடை ஒரு மாதத்தை மேலதிகமாகச் சேர்ப்பதே காரணம். 2023இல் ஜூலை 3 அதி எசல போயா, ஓகஸ்ட் 1 எசல போயா என இரண்டு வந்து, அவ்வருடம் 13 போயா இருந்தது.

இஸ்லாத்துக்கு முந்திய அரபிகளும் மாதங்களைத் தள்ளிப்போடும் 'நஸீஉ' எனும் வழக்கத்தைக் கொண்டிருந்தார்கள். போருக்கு வசதியாகப் புனித மாதத்தை மாற்றுவார்கள். ஹஜ்ஜை ஒரே பருவத்தில் நிறுத்த மாதம் கூட்டினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. மாதங்கள் பன்னிரண்டு என்றும், நஸீஉ நிராகரிப்பை அதிகரிக்கும் செயல் என்றும் ஸூரத்துத் தவ்பாவின் 36, 37ஆம் வசனங்கள் தீர்ப்பளித்தன. இதனால் ரமழான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. பூமத்திய ரேகைக்கு அண்மையில் வாழும் நமக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. லண்டனில் இருக்கும் நமது உறவினர்களைக் கேட்டால், கோடையில் 18 மணித்தியாலம் நோற்றவர்கள் குளிர்காலத்தில் அதில் பாதி நேரமளவே நோற்பதைச் சொல்வார்கள்.

கணக்கிட்டு அமைக்கும் ஹிஜ்ரி நாட்காட்டியிலும் லீப் உண்டு. 30 வருடங்களில் 11 வருடங்களுக்கு துல்ஹஜ்ஜில் ஒரு நாள் கூடும். அது பிறையோடு ஒத்துப்போவதற்கே, பருவத்தோடு ஒத்துப்போவதற்கு அல்ல. நமது நாட்டு போரா சமூகத்தினர் இத்தகைய கணக்கைப் பின்பற்றுகிறார்கள். கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவித்தலை எதிர்பார்த்திருக்கும் நமக்கு, பிறையே மாதந்தோறும் கணக்கைத் திருத்திவிடுகிறது.

ஸகாத்தில் விடுபடும் ஒரு வருடம்

குகைவாசிகள் பற்றிக் கூறும் ஸூரத்துல் கஹ்ஃபின் 25ஆம் வசனம் முந்நூறு வருடங்களையும், மேலும் ஒன்பதையும் குறிப்பிடுகிறது. 300 சூரிய வருடம் 309 சந்திர வருடத்துக்குச் சமம் என்பதை இப்னு கஸீர் போன்ற விரிவுரையாளர்கள் இங்கு சுட்டிக்காட்டுகிறார்கள். நூறுக்கு மூன்று வருட வித்தியாசம். இதை நமது பணத்தில் போட்டுப் பார்ப்போம்.

நமது வியாபாரிகளில் சிலர் டிசம்பர் 31இல், அல்லது வரிக்காகக் கணக்கு முடிக்கும் மார்ச் 31இல் ஸகாத் பார்க்கிறார்கள். ஒருவரிடம் பத்து இலட்சம் ரூபா நிலையாக இருக்கிறது என்று வைப்போம். இரண்டரை வீதப்படி வருடத்துக்கு 25,000 ரூபா. அவர் 33 ஆங்கில வருடங்கள் தவறாமல் கொடுத்தால் 8,25,000 ரூபா கொடுத்திருப்பார். ஆனால் அதற்குள் 34 ஹிஜ்ரி வருடங்கள் கடந்துவிட்டன. கொடுக்க வேண்டியது 8,50,000. ஒரு முழு வருட ஸகாத் அவரது பெட்டியிலேயே தங்கிவிட்டது. அது ஏழையின் உரிமை.

நிறுவனக் கணக்கை மாற்ற இயலாதவர்கள் ஆங்கில வருடத்துக்கு 2.577 வீதம் கொடுக்கலாம் என்பது சமகால அறிஞர்கள் பலரின் வழிகாட்டல். பத்து இலட்சத்துக்கு 770 ரூபாதான் கூடும். நெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அறுவடை நாளே அதன் ஸகாத் நாள், பெரும்போகமானாலும் சிறுபோகமானாலும்.

பிள்ளைகளின் வயது

ஷாஃபிஈ மத்ஹபின்படி, பருவமடைந்த அடையாளங்கள் வெளிப்படாத பிள்ளைக்கும் 15 வயதில் தொழுகை, நோன்பு கடமையாகிறது. அந்தப் 15, சந்திர வருடம். ஆங்கிலக் கணக்கில் அது ஏறத்தாழ 14 வயதும் ஆறரை மாதமும்.

2012 மார்ச் 1இல் பிறந்த பிள்ளைக்கு 2026 செப்டம்பர் 20 அளவில் 15 பூர்த்தியாகிறது. பிறப்புச் சான்றிதழ்ப்படியோ 2027 மார்ச்சில்தான். 2027 ரமழான் பெப்ரவரி 8 அளவில் ஆரம்பிக்கும்போது பாடசாலைப் பதிவில் அப்பிள்ளைக்கு 14 வயதுதான். "சின்னப் பிள்ளைதானே, பரீட்சை வருது, நோன்ப விடட்டும்" என்று வீட்டில் சொல்லிவிட்டால், கடமையான நோன்பு கழாவாகிவிடும்.

ஆகவே இரண்டு திகதிகளை வீட்டில் எழுதி வைப்போம். ஒன்று, நமது சொத்து நிஸாப் அளவை அடைந்த ஹிஜ்ரித் திகதி. மற்றது, ஒவ்வொரு பிள்ளையின் ஹிஜ்ரிப் பிறந்த திகதி. பள்ளிவாசல்களின் ஸகாத் குழுக்கள் தமது படிவங்களில் ஹிஜ்ரித் திகதிக்கு ஓர் இடம் ஒதுக்கினால், ஊர் முழுக்கக் கணக்கு சீராகும்.